செருப்பு அலமாரிக்கு மேலே

ஊசியக்காவைக் கோபப்படுத்தப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். "நீங்க துணி திங்கற பூச்சியைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டால் போதும். கேட்டவர் தொலைந்தார். நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் பாடம் நடக்கும். மூவாயிரம் இனங்களுக்கு மேல் இருக்கிற குடும்பம் அது. அதில் துணிமணிக்கு வருகிறவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் யார் வம்புக்கும் போகாதவை. பட்டுப்போன மரத்தில் முளைத்த காளானைத் தின்று பிழைப்பவை ஏராளம். பறவைக் கூட்டில் உதிர்ந்த இறகு, குகையில் கிடக்கும் வௌவால் எச்சம், செத்த மாட்டின் கொம்பு என்று வேறு எவருக்கும் வேண்டாததைத் தின்று வயிற்றைக் கழுவுகிறவையும் உண்டு. "நாலு பேர் பண்ற தப்புக்கு மொத்தக் குடும்பத்துக்கும் கெட்ட பேரு" என்று முடிப்பாள், ஏதோ தன் பிறந்த வீட்டை யாரோ குறை சொல்லிவிட்ட மாதிரி.

அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில் பூச்சிப் பிரிவு. அங்கே அவளுக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பட்டையில் பூச்சி குத்தும் ஊசிகளைச் செருகியபடியே வீட்டுக்குப் போய்விடுவாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பலமுறை குத்து வாங்கியிருக்கிறார்கள். பேர் அதனால் வந்தது. அவள் பேச்சினால் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, அதிலும் பொய்யில்லை.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பார்க்காமல் பேர் சொல்லக் கூடாது. இந்தப் பூச்சிகள் அரிசி நீளம்கூட இருக்காது. தலையில் கலைந்த முடி மாதிரி செதில், சாம்பலும் பழுப்பும் கலந்த இறக்கை, அதில் இரண்டு மூன்று கரும்புள்ளி. நாள் பட்டால் புள்ளி உதிர்ந்துபோகும். உதிர்ந்த பிறகு அண்ணன் தம்பி யார், அடுத்த வீட்டுக்காரன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. வயிற்றின் கடைசிப் பகுதியைக் கழற்றி, கரைசலில் ஊற வைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "மொதல்ல சீட்டைப் படி. எங்க பிடிச்சது, என்னைக்குப் பிடிச்சதுன்னு தெரிஞ்சுக்கோ. அப்புறம் பூச்சியைப் பாரு. அதுக்கு அப்புறம் வாயைத் திற" என்பாள். சீட்டு இல்லாத பூச்சியை அவள் குப்பை என்றுதான் சொல்வாள்.

அவள் கணவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற வேலை. நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதே பேச்சுத்தான். மென்மையான மனிதர். அவரிடம் சண்டை போட முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே.

இவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் பேர் வாலு. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். யாராவது விருந்தாளி வந்து கோட்டைக் கழற்றினால், "பத்திரமா வெச்சுக்கோங்க, எங்க அம்மாவோட சொந்தக்காரங்க தின்னுடுவாங்க" என்பாள். இரண்டு கையிலும் இரண்டு பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று அப்பா குரலிலேயே கேட்பாள். எதைக் காட்டினாலும் இரண்டையும் அவளே தின்றுவிடுவாள். அவளுக்கு ஒரு சிவப்புக் கம்பளி ஸ்வெட்டர் இருந்தது. வயிற்றுப் பக்கம் மஞ்சளில் ஒரு பெரிய பாக்கெட், ஐந்து பொத்தான். குளிர்காலம் போய் வெயில் வந்த பிறகும் அதைக் கழற்ற மாட்டாள். மூக்கைத் துடைப்பது அந்தக் கையில்தான், பிஸ்கட் தூள் முழுக்க அந்தப் பாக்கெட்டில்தான். நாலாவது பொத்தான் அறுந்துபோனபோது வீட்டில் சிவப்புப் பொத்தான் இல்லை. ஊசியக்கா ஒரு நீலப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். அதை வாலு பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

ஏழு வயது இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். நாலாவது நாள் வீட்டுக்கு அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் திரும்பி வந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கும் மனசில்லை.

பதினாறாவது நாள் ஊசியக்கா வாலுவின் துணி அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளிப் பைகளில் போட்டாள். கண்ணாடிக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிவப்பு மட்டும் இருக்கட்டுமே" என்றார்.

"கம்பளி வீட்ல இருக்கக் கூடாது. என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியாதா? வேர்வையும் தீனியும் ஒட்டின கம்பளின்னா பூச்சிக்குக் கேக்கவே வேண்டாம். அங்கேர்ந்து என் கோட்டுல ஏறி, பறவைப் பிரிவுக்குப் போச்சுன்னா நூறு வருஷத்து இறகெல்லாம் நாசம்."

"ஒண்ணே ஒண்ணுதானே."

"ஒண்ணுகூட வேண்டாம்."

"உனக்கு ஏதாவது வெச்சுக்கணும்னு தோணலையா?"

"தோணலை" என்றாள்.

அப்படி ஒரு விதி நிஜமாகவே உண்டு. பூச்சி, இறகு, தோல் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் அந்து, அதாவது துணிப் பூச்சி, வந்தால் உடனே தலைவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஊசியக்கா அன்றைக்கு விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள் என்பது அவளுக்கே தெரியும். அந்தச் சிவப்பு கண்ணில் படுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. இழுத்து நிறுத்திக்கொண்டிருக்கிற எல்லாம் ஒரு நாள் சரிந்துவிடும் என்று பயம். அதனால்தான் அவள் அழவும் இல்லை. மறுநாளே வேலைக்குப் போய், காளான் பூச்சிகளில் போய் விழுந்தாள். கண்ணாடிக்காரர் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். "எல்லாத்தையும் குடுத்துட்டேன்" என்றார். அவள் தலையாட்டினாள்.

அதற்கப்புறம் ஒரு வருடம் நாலு மாதம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம், அதனால் அவர் போய்விட்டார். ஊசியக்கா நடையில் துடைப்பத்தோடு நின்றாள். வாசல் பக்கம் செருப்பு அலமாரி. அதற்கு மேலே சுவரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கை அளவு. தட்டிவிடப் போனவள் அது நகர்வதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டிலும் கழுத்தில் தொங்குகிற சின்ன உருப்பெருக்கி வில்லையைக் கண்ணுக்கு வைத்தாள். துணிப் பூச்சியின் புழு. தான் தின்கிற துணியின் இழைகளையே பட்டால் ஒட்டி, இரண்டு பக்கமும் திறந்த ஓர் உறை செய்துகொள்ளும். அந்த உறையை முதுகில் இழுத்துக்கொண்டே ஊர்ந்து போகும். உடம்பு வளர வளர உறையின் இரண்டு முனையிலும் புது இழை சேர்த்து நீட்டிக்கொள்ளும். எந்த நிறத் துணியோ அந்த நிற உறை. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் ஆசையாகக் காட்டுகிற சங்கதி இது.

இந்த உறை சிவப்பாக இருந்தது.

வீட்டில் சிவப்புக் கம்பளி கிடையாது. இன்னொரு முறை பார்த்தாள். நடுவில் சிவப்பு. இரண்டு முனையிலும் மஞ்சள். அப்படியென்றால் புழு சிவப்பில் ஆரம்பித்திருக்கிறது, இப்போது மஞ்சளில் இருக்கிறது. பாக்கெட் வரைக்கும் வந்துவிட்டது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. அலமாரிக்கு மேலே, பழைய குடைகளுக்குப் பின்னால், கண்ணாடிக்காரர் முன்னொரு காலத்தில் வீடு வீடாகப் போய் மூக்குக்கண்ணாடிச் சட்டம் விற்ற தோல் பெட்டி இருந்தது. முக்காலி போட்டு ஏறி, அதை இறக்கி, நடையிலேயே வைத்துத் திறந்தாள். வெளிச்சம் பட்டதும் மூன்று நாலு பூச்சிகள் பறக்காமல் மூலைக்கு ஓடின. அது அவற்றின் வழக்கம்.

ஸ்வெட்டர் மடித்து வைத்தபடியே இருந்தது. தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கினாள். ஸ்வெட்டரின் ஒரு கை பெட்டியிலேயே தங்கிவிட்டது. மீதி சல்லடை மாதிரி மேலே வந்தது, அதன் வழியே எதிர்ச் சுவர் தெரிந்தது. பெட்டியின் அடியில் செம்மண் தூவினாற்போல எச்சம். கம்பளி எந்த நிறமோ எச்சமும் அந்த நிறம்தான், அதையும் அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மஞ்சள் பாக்கெட்டில் பாதிதான் மிச்சம். பொத்தான்கள் மட்டும் ஐந்தும் பத்திரமாக நைலான் நூலில் தொங்கின. நாலாவது நீலம்.

அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபம்தான். இந்த மனுஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் நாலு மாசம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். கல்லுளிமங்கன். இப்படியே மனசுக்குள் திட்டிக்கொண்டு, ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிட வரும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.

கதவைத் திறந்தவர் பெட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றார்.

"குடுத்துட்டேன்னு சொன்னீங்க" என்றாள்.

"மத்ததெல்லாம் குடுத்துட்டேன்."

"வெச்சதுதான் வெச்சீங்க. ரெண்டு அந்துருண்டையாவது போட்டிருக்கலாம்ல?"

"போட்டா அவ வாசனை போயிடுமேன்னு..." என்று இழுத்தார். பிறகு கீழே உட்கார்ந்து, அவள் மடியில் கிடந்ததைத் தொடப் பயந்து, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். "போன மாசம்வரைக்கும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை திறந்து பாப்பேன், நீ வேலைக்குப் போனதும். மேல நல்லாத்தான் இருந்துச்சு. உள்மடிப்பைப் பிரிச்சுப் பாக்கலை. கை வெச்சா கலைஞ்சிடும்னு விட்டுட்டேன். அப்புறம் லீவே கிடைக்கலை."

"உள்ளதான் திங்கும். வெளிச்சம் படற இடத்துக்கு வராது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் சொல்றவ வீட்லயே இருக்கேன், என்கிட்ட கேக்க உங்களுக்கு வாய் வரலையா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டேனே" என்றார்.

எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். அதைப் பார்த்ததும் ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படி ஒரு தீப்பெட்டி இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். மேசை முழுக்க அவளுடைய காளான் பூச்சிகளின் படங்கள். இத்தனை நாள் ஒன்று என்று நினைத்திருந்த ஓர் இனம் உண்மையில் இரண்டு என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். ஒன்று மரத்தில் அடுக்கடுக்காக முளைக்கும் கட்டைக் காளானில் வளர்வது, மற்றது மக்கிய பட்டைக்கு அடியில் வளர்வது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் தீப்பெட்டியோடு வந்து நின்றார்.

"இது துணிக்கு வர்றதா?"

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஓரக்கண்ணால் எட்டிப் பார்த்தாள். புள்ளி தேய்ந்த ஒரு பூச்சி. பின்பக்கக் குளியலறையின் காற்றுத்துளையில் புறா கூடு கட்டியிருப்பது அவள் ஞாபகத்துக்கு வந்தது. "புறாக்கூட்டுப் பூச்சி. இறகுதான் திங்கும். நம்ம வீட்ல அதுக்கு ஒண்ணும் இல்லை, விட்டுத் தள்ளுங்க."

"நிச்சயமாத்தானே சொல்றே?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவர் சிரித்துவிட்டு, தீப்பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. உலகத்தில் ஒருத்தருக்கும் வேண்டாத காளான் பூச்சிக்காக மூன்று மாதம் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தவள், வீட்டுப் பூச்சிக்கு மூன்று நொடி கொடுக்கவில்லை.

இப்போது தீப்பெட்டியை எடுத்தாள். மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. பென்சிலால், மருந்துச் சீட்டு எழுதுகிற கவனத்தோடு, அவர் கையெழுத்து. தேதி. அதற்குக் கீழே: செருப்பு அலமாரிக்கு மேலே.

புறாக்கூடு வீட்டின் அந்தக் கோடியில். செருப்பு அலமாரி இந்தக் கோடியில். சீட்டைப் படித்திருந்தால் ஒரு சின்னப் பிள்ளைகூட, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கும்.

"நீ எப்பவும் சீட்டைத்தானே முதல்ல படிப்பே" என்றார் கண்ணாடிக்காரர். "படிச்சதும் அங்க என்ன இருக்குன்னு நீயே கேப்பே, அப்ப சொல்லிடலாம்னு நெனச்சேன். நேரா சொல்ல தைரியம் இல்லை. நீ பாக்காமலே சொல்லிட்டே. நானும் சரி, தெரிஞ்சவ சொல்றா, அப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. அவள் சீட்டை மறுபடியும் படித்தாள்.

"இது நெஜமாவே புறாக்கூட்டுப் பூச்சியா இருக்கலாம்" என்றாள். "துணிப் பூச்சி அப்புறமா வேற எங்கேர்ந்தாவது வந்திருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"பாரு" என்றார். "எதுவா இருந்தாலும் என் தப்புதான். அந்துருண்டை போட்டிருக்கணும். வாசனை வாசனைன்னு இருந்து மொத்தமும் போச்சு."

அவள் கை பழக்கத்தில் செய்ய வேண்டியதைச் செய்தது. ஸ்வெட்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டினாள். அதை இன்னொரு பைக்குள் போட்டு ஒட்டினாள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில், ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பதினாலு நாள் இருக்கணும். அதுவரைக்கும் திறக்கக் கூடாது. திறந்தா உள்ள இருக்கற முட்டை பொழைச்சிடும்." அவர் சரி என்று தலையாட்டினார். இரண்டு பேரும் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பிரிவுத் தலைவரிடம் போய், வீட்டில் அந்து வந்துவிட்டது என்று சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க வீட்லயா?" என்று மட்டும் கேட்டார். கோட்டைக் கழற்றி உறைபனி அறைக்கு அனுப்பினாள். ஊசியில்லாமல், வெறும் சட்டையோடு தன் மேசையில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தாள்.

பூச்சி காய்ந்து சருகாகியிருந்தது. சின்ன இடுக்கியால் வயிற்றின் கடைசிப் பகுதியைக் கழற்றினாள். பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடாக்கினாள். அரை மணி நேரம் ஆகும். எத்தனை ஆயிரம் முறை செய்த வேலை, அன்றைக்குத்தான் அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. பூச்சியாக இருந்தபோது இது ஒன்றுமே தின்றிருக்காது. இறக்கை வந்தபிறகு இவற்றுக்கு வாய் வேலை செய்வதில்லை. தின்று முடித்த பிறகுதான் பறக்கும். இதை அவர் பிடிப்பதற்கு முன்பே, புழுவாக இருந்தபோது இது உள்மடிப்பில் எங்கோ கொஞ்சம் தின்றுதான் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அது ஒரு சின்ன ஓட்டையாகத்தான் இருந்திருக்கும். தைத்துவிடக்கூடிய ஓட்டை.

கிளிசரின் துளியில் எடுத்து வைத்து, தூரிகையால் செதிலைத் தள்ளி, நுண்ணோக்கிக்குக் குனிந்தாள்.

ஒரு தடவை பார்த்தாள். புத்தகத்தில் உள்ள படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை. துணிப் பூச்சி.

அந்த நேரத்தில் பக்கத்துப் பறவைப் பிரிவில் வேலை செய்கிற பெண் டீயோடு வந்தாள். இறகுக்காரி என்று அவளுக்குப் பேர்.

"என்னக்கா, இவ்வளவு நேரமா ஒண்ணையே பாத்துக்கிட்டிருக்கீங்க? புது இனமா?"

"இல்லை. ரொம்பப் பழசு."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"நீ இந்தப் பக்கம் வராதே. என் வீட்ல அந்து. உன் பறவைக்கு ஆகாது."

இறகுக்காரி சிரித்துக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனாள். பிறகு ஊசியக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு, டீயை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

ஊசியக்கா டீயைத் தொடவில்லை. அவளுக்குள் ஒரு யோசனை வந்து உட்கார்ந்திருந்தது. புறாக்கூட்டுப் பூச்சிதான் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடலாம். அவர் நம்புவார். இந்த ஊரில் இதை மறுத்துச் சொல்ல இன்னொருவர் கிடையாது. பழியை அவர் ஏற்கெனவே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டுவிட்டார், முணுமுணுக்காமல் சாகிறவரைக்கும் சுமப்பார். அவளுக்கு வேண்டியது இரண்டு வார்த்தைதான். இந்த யோசனை வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை, வீட்டுப் படியேறுகிறவரைக்கும் கூடவே வந்தது.

கண்ணாடிக்காரர் அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தார். மேசையில் இரண்டு கோப்பை டீ. அவர் எதுவும் கேட்கவில்லை. தன் கோப்பையின் காதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

"துணிப் பூச்சிதான்" என்றாள்.

அவர் கை நின்றது.

"நீங்க கொண்டு வந்து காட்டின அன்னைக்கே துணிப் பூச்சிதான். நான் பாக்கலை. சீட்டையும் படிக்கலை. அஞ்சு மாசம் முன்னாடி ஒழுங்கா பாத்திருந்தா முக்கால்வாசி தப்பிச்சிருக்கும். அந்துருண்டை இல்லாததால இல்லை. நான் பாக்காம வாயைத் திறந்ததால. உங்க தப்பு இல்லை, என் தப்பு. உங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான்தான் அழிச்சிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கா?" என்றார் கடைசியில். "எனக்குன்னு யார் சொன்னா?"

"பின்னே யாருக்கு?"

"அவ வாசனை எனக்கு மூணு மாசத்துலயே நின்னு போச்சு. எவ்வளவு மோந்து பாத்தாலும் வெறும் கம்பளி நாத்தம்தான். நீ அம்மா, உனக்கு வரும்னு நெனச்சேன். அன்னைக்கு நீ எல்லாத்தையும் அள்ளிப் போட்டப்போ உன் முகத்தைப் பாத்தேனே. இவ இன்னும் அழவே இல்லை, என்னைக்காவது அழுவா, அன்னைக்கு அந்த ஸ்வெட்டரைக் கேப்பா, அப்போ இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னுதான் எடுத்து வெச்சேன்." டீயில் ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கினார். "நீ கேக்கவே இல்லை."

ஊசியக்கா எழுந்தாள். எழுந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துப் பட்டையில் ஊசி இருக்கிறதா என்று கை தடவியது, கோட்டே இல்லை.

"இப்போ கேக்கறேன்" என்றாள்.

"என்ன?"

"குடுங்க. அவ ஸ்வெட்டரைக் குடுங்க."

அவர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பதினாலு நாள்னு சொன்னியே. நேத்துதானே வெச்சோம். திறந்தா பொழைச்சிடும்னு நீதானே..."

"குடுங்கன்னா குடுங்களேன்."

அவர் உறைபனித் தட்டைத் திறந்து பையை எடுத்துக் கொடுத்தார். அவள் முதல் பையைப் பல்லால் கிழித்தாள். இரண்டாவதைக் கையால் கிழித்தாள். சிவப்பு விறைத்து, ஓட்டைகளின் ஓரமெல்லாம் பனி கட்டியிருந்தது. சிவப்பு உறைகள் இரண்டு மூன்று தரையில் உதிர்ந்து உருண்டன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. பிய்ந்த கையை, பாதி மஞ்சள் பாக்கெட்டை, நீலப் பொத்தானை எல்லாவற்றையும் சேர்த்து வாரி முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

ஒரு வாசனையும் இல்லை. சில்லென்ற பனியின் வாடை, அவ்வளவுதான். அவள் இன்னும் ஆழமாக மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது முறை இழுத்த மூச்சு உள்ளே போகாமல் நெஞ்சிலேயே உடைந்தது.

"வருதா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர், பக்கத்தில் வந்து நின்று.

இல்லை என்று அவள் தலையாட்டினாள். அவள் அழுகிற சத்தத்தை ஒரு வருடம் நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகக் கேட்டார். பனி உருகி, அவள் சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. அவர் அவளைத் தாங்கி மெதுவாகத் தரையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.